வெயிலுக்கு முன்னே

"ஏன்டி எழுப்பல? போச்சு! செடியெல்லாம் வெந்து போயிருக்கும்!"

தாகில் செருப்பைக்கூடத் தேடாமல் தோட்டத்துக்கு ஓடினான். சுபைர் வட்டாரப் பாலைவனத்தில் தக்காளி போட்டவனுக்குக் குளிர்காலம் முழுக்க இதே பிழைப்பு. பனிக்குப் பயந்து பொழுது சாய்ந்ததும் நாற்பது வரிசையையும் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் திறந்துவிட வேண்டும். போதாததற்கு நேற்று ராத்திரி முழுக்கப் புழுதிக்காற்று. தாள் பறந்துவிடாமல் மண் அள்ளிப் போட்டுப் போட்டே இடுப்பு ஒடிந்துவிட்டது. வந்து படுத்தவன் அடித்துப் போட்டதுபோலத் தூங்கிவிட்டான். இப்போது மணி பத்து.

தோட்டத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றான். நாற்பது வரிசையும் திறந்து கிடந்தன. ஒரு இலைகூட வாடவில்லை.

"நீயா திறந்த?"

பின்னாலேயே வந்த அவன் மனைவி ஹஸ்னா அலுப்போடு சொன்னாள். "நல்லாக் கேட்டீங்க. ஆளுக்கு ஒரு முனையைப் பிடிக்காம இந்தத் தாளைச் சுருட்ட முடியுமா? ஒத்தை ஆளா நான் எங்க திறக்கிறது?"

அதுவும் உண்மைதான். அப்படியென்றால் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஷன்னானும் அண்ணியும்தான்! பாகப்பிரிவினையில் நல்ல தண்ணீர்க் கிணறு அண்ணனுக்குப் போனதிலிருந்து மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தாகில் தோண்டிய கிணற்றில் உப்புத் தண்ணீர். பூவெல்லாம் உதிர்கிறது. இன்னும் பத்து நாள் இதையே பாய்ச்சினால் ஐந்து மாத உழைப்பும் மண்ணோடு மண்தான். செத்தாலும் அண்ணனிடம் போய் நிற்பதில்லை என்றுதான் இருந்தான்.

இப்போது வெட்கமாக இருந்தது. வேலியை நோக்கி நடந்தான். எதிரே, வீங்கிய கண்களோடு ஷன்னானே வந்துகொண்டிருந்தான்.

"அண்ணே..."

"நீ எதுவும் பேசாதடா. வீம்பு பிடிச்ச கழுதை நான். என் கிணத்துலேர்ந்து குழாயைப் போட்டு உன் பக்கம் இழுத்துக்க. இன்னைக்கே."

"என் வாய்தான் சும்மா இருக்கல, அண்ணே. மன்னிச்சிடு."

இருவரும் கட்டிக்கொண்டார்கள். அசதியில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள் என்பதுதான் சரி.

"அது சரி, என்னோட அம்பது வரிசையையும் சேர்த்துத் திறந்திருக்கியே. எத்தனை மணிக்குடா எழுந்த?" என்றான் ஷன்னான்.

"நானா? இப்பத்தானே எழுந்து ஓடியாறேன்! என்னோடதைத் திறந்தது நீதானே?"

"நானும் இப்பத்தான்டா கண்ணு முழிச்சேன்!"

இருவரும் மெதுவாகத் திரும்பினார்கள். வேலியோரமாக ஹஸ்னாவும் அண்ணி கமீலாவும் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"என்ன முழிக்கிறீங்க?" என்றாள் கமீலா. "பேச்சை நிறுத்தினது நீங்க ரெண்டு பேரு. நாங்க எப்ப நிறுத்தினோம்?"