'ஏயே' பாட்டுக்குச் சொந்தக்காரி

அந்தப் பாட்டுக்கு நடந்த அநியாயங்களை வரிசையாகச் சொல்லிவிடவேண்டும்.

முதலில், படத்தின் டைட்டிலில் இசையமைப்பாளர் பெயரை மட்டும் போட்டார்கள். அடுத்து, இசைத்தட்டு உறையில் ஆடியவளின் இடுப்பைப் பெரிதாகப் போட்டு, பாடியவளின் பெயரைப் பொடி எழுத்தில் போட்டார்கள். அதற்கடுத்து, மேதாவிகள் கூடி, அது வெளிநாட்டில் திருடிய மெட்டு என்றார்கள். நம்மூர்க்காரனுக்கு இவ்வளவு நல்ல மெட்டு வராது என்பது அவர்கள் முடிவு. கடைசியாக, ஒரு கம்பெனி ரீமிக்ஸ் செய்து உரிமையையும் வாங்கிக்கொண்டது. இப்போது ஊர்த் திருவிழா வீடியோவில் அந்தப் பாட்டு கேட்டால் நோட்டீஸ் வருகிறது.

அறுபதுகளில் வந்த கிளப் டான்ஸ் பாட்டு அது. பல்லவி முடிந்ததும் "ஏயே... ஏயே..." என்று ஒரு குரல் மேலே ஏறி, உடைந்து, இறங்கும். அந்த இடத்தில் தியேட்டரே எழுந்து ஆடியிருக்கிறது.

அந்த "ஏயே" எங்கிருந்து வந்தது என்று தேடுவதே காரைக்குடி பழைய பாடல் ரசிகர் வட்டத்துக்கு வேலை. தலைவர் கார்த்திகேய சிவம், செயலாளர் முத்துக்கண்ணன். வெளிநாட்டு இசைத்தட்டுகளைக் கேட்டு அலுத்த பிறகு, அந்தப் படத்துக்கு வயலின் வாசித்த ஒரு முதியவரைப் பிடித்தார்கள். காரைக்குடியில் படப்பிடிப்பு நடந்த பெரிய வீட்டில் மராமத்தும் நடந்தது, அங்கே ஒரு சித்தாள் பாடியதைக் கேட்டு எடுத்த மெட்டு என்று அவர் சொல்லிவிட்டார்.

விசாரித்துக்கொண்டு ஆத்தங்குடிப் பக்கம் போனார்கள். பெயர் மீனம்மாள். எண்பது வயதிலும் தோள் நிமிர்ந்தே இருந்தது.

போனில் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். தான் பாடியதுதான் என்று ஒத்துக்கொண்டார். இருவருக்கும் மெய்சிலிர்த்துவிட்டது. அசலை ஒரு தடவை பாடுங்கள் என்று கேட்டார்கள். மாட்டேன் என்றார். வீட்டுக்குள் கூச்சமாக இருந்தால் வாசலில் பாடுங்கள் என்றார்கள். அங்கேயும் மாட்டேன் என்றார்.

"பெறகு எங்கதான் ஆத்தா பாடுவீக?" என்றார் முத்துக்கண்ணன்.

"நீ செத்தா சொல்லி விடு அப்பு. வந்து பாடுறேன்."

முத்துக்கண்ணன் சமீபத்தில்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். கிழவிக்கு எவ்வளவு திமிர் என்று திரும்பும் வழியெல்லாம் புலம்பினார். கலைஞர் என்றால் அப்படித்தான் இருப்பார்கள் என்று தலைவர் சமாதானம் சொன்னார்.

பாராட்டு விழாவுக்கு அழைத்தபோது மீனம்மாள் மறுக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். கேடயத்தில் தான் சொல்லும் பெயரைத்தான் வெட்டவேண்டும். தலைவர் அதை மைக்கில் வாசிக்கவேண்டும். அவர் சொன்னது மீனம்மாள் இல்லை, வேறு பெயர். நம் பக்கத்தில் கூப்பிடும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டுப் பெயர் ஒன்று. இது கார்டுப் பெயர் என்று நினைத்து முத்துக்கண்ணன் வெட்டக் கொடுத்துவிட்டார்.

"பேரு மேல ஆசையைப் பாத்தீகளா" என்று தலைவரிடம் சிரித்தார். "மைக்குல வேற வாசிக்கணுமாம்."

விழாவில் மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். "ஏயே" வந்தபோது கூட்டமே சேர்ந்து பாடியது. மேடையில் மீனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தார்கள்.

தலைவர் கேடயத்தைத் தூக்கிப் பிடித்துப் பெயரை வாசித்தார். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. மீனம்மாள் எழுந்திருக்கவில்லை.

"ஆத்தா, உங்க பேரைத்தான் வாசிச்சேன். எந்திரிச்சு வாங்க."

"என் பேரு மீனம்மா, அப்பு. நீ வாசிச்சவ செத்துப்போனா. எப்பிடி எந்திரிச்சு வருவா?"

கைதட்டல் நின்றது. மீனம்மாள் மைக்கை வாங்கிக்கொண்டு சொன்னார்.

அந்தப் பெரிய வீட்டில் சாரம் முறிந்து, கூட வேலை பார்த்தவள் விழுந்தாள். அப்படி ஒரு சித்தாள் வேலைக்கே வரவில்லை என்று மேஸ்திரி சாதித்துவிட்டான். போலீசும் அதையே எழுதிக்கொண்டு போய்விட்டது. உடம்பைக் கொல்லையில் கிடத்தியிருந்தார்கள். மீனம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். அதை மாடியில் நின்ற சினிமாக்காரர்கள் கேட்டார்கள். அழுகையை அங்கேயே விட்டுவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். இறந்தவளின் பெயரைச் சொல்லி இவர் கதறிய இடத்தில் அவர்கள் "ஏயே" என்று வைத்துக்கொண்டார்கள்.

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அதனால்தான் பாட மறுத்தேன் என்றார்.

நாடே ஆடிய பாட்டு ஒரு பிணத்தின் பக்கத்தில் பிறந்தது. ஆடிய பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"அழுதவளுக்கு ஒப்பாரியில சொந்தம் கெடையாதுப்பு. அது செத்தவளுக்குத்தான்" என்றார் மீனம்மாள். "அவ அங்க வேலை பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் நாலு பேரு முன்னால ஒருத்தரும் சொல்லலை. அதுக்குத்தான் வந்தேன். கைதட்டுல பேரு கேக்கலை. இன்னொரு தடவை வாசி."

கார்த்திகேய சிவம் செருப்பைக் கழற்றினார். யாரும் சொல்லாமலே கூட்டம் எழுந்து நின்றது. கேடயத்தில் இல்லாத ஒரு சொல்லைத் தானே முன்னால் சேர்த்துக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி வாசித்தார்:

"சித்தாள் ஒச்சம்மாள்."