குசினி வாசல் அலாரம்

"என்ட ஊட்டுக்குள்ள நான் ரெண்டு றால் பொரிக்க ஒன்ட மெசினிட்ட உத்தரவு கேக்கணுமா? செல்லு மனே, கேக்கணுமா?"

ஆயிஷா உம்மாவின் குரல் மதிலைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, பள்ளிவாசல் முடக்கு வரை போனது. ஏணியில் பாதி ஏறி நின்ற பஸ்லானுக்குக் காதைப் பொத்துவதா, ஏணியைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. உம்மாவோடு போட்டி போட்டுக்கொண்டு வீட்டிலிருந்த ஐந்து அலாரங்களும் கத்திக்கொண்டிருந்தன.

பஸ்லான் டோகாவில் பெரிய பெரிய கட்டடங்களுக்குப் புகை அலாரம் பூட்டியவன். காத்தான்குடிக்குத் திரும்பிக் கடை திறந்ததும் கிடைத்த முதல் வேலை ஆயிஷா உம்மாவின் இந்த வீடு. மூன்று அறைக்கும் மண்டபத்துக்கும் ஒவ்வொன்று, குசினி வாசலில் அடுப்புக்கு நேரே ஒன்று. இடையில் கம்பி கிடையாது, ஆனால் ஒன்றோடொன்று தொடுப்பு உண்டு. ஒன்று புகையைக் கண்டால் ஐந்தும் சேர்ந்து ஊரைக் கூட்டும்.

அவன் எட்டிப் பொத்தானை அமுக்கினான். அலாரம் நின்றது. உம்மா நிற்கவில்லை.

"புது மருமகன் வந்து ஒரு மாசமாகல்ல. கடைச் சோறு தின்னுறான். அவன்ட ஊர் ஓட்டமாவடிச் சனம் என்ன செல்லும்? மாமிக்காரி கையால ஒரு கறி கிடைக்கல்ல எண்டு செல்லாதா?"

சொல்லும்தான். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருக்கிற ஊர் இது. மாமி வைக்கிற கறியில்தான் மகளின் மரியாதை மிதக்கிறது. உப்புக் கூடினால்கூட அடுத்த பஸ்ஸில் மாப்பிள்ளையின் ஊருக்குச் செய்தி போய்விடும்.

"உம்மா, இது புகை பாக்கிற சாதி. இதக் கழட்டி அங்கால வெச்சிட்டு, குசினிக்குச் சூடு பாக்கிற ஒண்டு பூட்டுறன். பிறகு நீங்க றால் என்ன, திமிங்கிலத்தப் பொரிச்சாலும் கத்தாது."

"அதுல கைய வெச்சிராத. முன் ஊட்டுல போனச் சார்ஜில போட்டு மெத்தை எரிஞ்ச கத தெரியாதா? உசிர விடச் சோறு பெரிசா?"

கதிரையில் இருந்த கணவர் அப்துல் கபூர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "அப்ப ஏன் ஆயிஷா அவன ஏசுற?"

"ஏசாம மாலையா போடுற?"

மருமகன் நுஸ்கி அறை வாசலில் வந்து நின்றான். "பறவாயில்ல மாமி. கடைக் கொத்து ரொட்டி நல்லாத்தான் இரிக்கி."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "பாத்தீங்களா என்ட புள்ளைய. என்ட மனசு நோகப்படாதெண்டு பொய் செல்லுறான்."

வெள்ளிக்கிழமை ஓட்டமாவடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வான் பிடித்து வந்து இறங்கினார்கள். அவர்கள் பார்த்திருக்கவே உம்மா தாச்சியில் எண்ணெய் விட்டு வெங்காயத்தைப் போட்டார். ஐந்தும் கத்தின. மாப்பிள்ளையின் தாய் ஒற்றைச் செருப்போடு றோட்டுக்கு ஓடினார். பிறகு கடையிலிருந்து புரியாணி வந்தது. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாவம் சம்பந்தி, சமைக்க எவ்வளவு ஆசையா இரிக்கா" என்று பரிதாபப்பட்டுக்கொண்டு போனார்கள்.

பழி முழுக்க பஸ்லான் தலையில். ஒழுங்கைச் சனம் அவனுக்குக் 'கத்துற பஸ்லான்' என்று பட்டம் சூட்டியது. கடைப் பக்கம் ஈ கூட வரவில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் கடையை இழுத்து மூடிவிட்டு மறுபடி டோகாவுக்கு விமானம் ஏற வேண்டியதுதான் என்று அவன் பெட்டியைத் தூசு தட்டிக்கொண்டிருந்த நாளில், ஆயிஷா உம்மாவின் பக்கத்து வீட்டு ஸாலிஹா கடைக்குள் நுழைந்தார்.

"எனக்கும் பூட்டணும் மனே. ஆயிஷாட ஊட்டுல பூட்டின மாதிரியே."

பஸ்லானுக்கு அழுகை வராத குறை. "நீங்களாவது சரியாப் பூட்டிக்கங்க உம்மா. குசினிக்குச் சூடு பாக்கிறது, அறைகளுக்கு..."

"வேணா. புகை பாக்கிறதுதான். குசினி வாசல்ல, அடுப்புக்கு நேர."

"அது பிழையான இடம். நான் அப்பவே தலையால அடிச்சன்."

"அப்ப அந்த இடத்த ஆரு காட்டின?"

பஸ்லான் றோட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்தான். இனி இழக்க என்ன இருக்கிறது. "ஆருக்கும் செல்லிராதீங்க. ஆயிஷா உம்மாதான். கபூர் மாமா தொழப் போன நேரம் தாச்சியில செத்தல் மிளகாயப் போட்டு, எங்க வெச்சாக் கெதியாக் கத்துமெண்டு மூணு இடத்தில பிடிச்சுப் பாத்துத்தான் பூட்டவெச்சா."

"தெரியும் மனே. எனக்கும் அவதான் செல்லித் தந்தா. கலியாணம் முடிச்ச நாளையில இரிந்து இப்பதானாம் அடுப்படி வேலயில்லாம பகல்ல கண்ண மூடுறா." ஸாலிஹா எழுந்து முக்காட்டைச் சரிசெய்தார். "என்ட மகள் சப்னாவுக்கும் மாப்பிள்ளை பாக்கிறம். அவன் வந்து சேர்றதுக்கு முதல் பூட்டி முடிச்சிரு."

முடித்தான். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு சப்னாவைக் கட்டி அந்த வீட்டுக்கே மாப்பிள்ளையாகப் போனவனும் பஸ்லான்தான். காலையில் அவனிடம் வேலை பேச வேண்டுமென்றால் கடையில் தேடிப் பயனில்லை, இடியப்பப் பார்சலுக்கு நிற்கிற வரிசையில் நுஸ்கிக்குப் பின்னால் பார்க்க வேண்டும்.