எதிர்ப் பக்கத்து விலை

"இங்க வந்து பாரு, உங்கண்ணன் லட்சணத்தை. ஒரே ராத்திரியில லிட்டருக்கு இருபது ஏத்திட்டான்."

கல்லாவில் சில்லறை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி, கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணனின் பெட்ரோல் பங்க். இந்தப் பக்கம் புருஷனுடையது. மச்சானுக்கு நேர் எதிரிலேயே இவர் கடை விரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் மச்சான் பங்க்கின் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, அதைவிடக் கொஞ்சம் குறைத்துத் தன் பலகையில் எண்களை மாட்டினால்தான் இவருக்குப் பொழுதே விடியும். பல் தேய்க்க மறந்தாலும் மறப்பார், அதை மறக்கமாட்டார்.

"ஏத்தினா ஏத்திட்டுப் போகட்டும். நமக்கென்னங்க?"

"நமக்கென்னவா? நாம பதினஞ்சு ஏத்தினாலும் அவனைவிடக் குறைச்சல்தானே?"

"நம்ம டேங்க்ல கிடக்கிறது பழைய விலைக்கு வாங்கினது. ரேடியோவுல கத்துறாங்களே, காதுல விழலையா?"

விழாமல் என்ன? துறைமுகத்தில் வேலைநிறுத்தம். டேங்கர் லாரிகள் வராமல் ஊரே பெட்ரோலுக்கு அலைந்துகொண்டிருந்தது. ரேடியோவைத் திறந்தால் இதே விவாதம்தான். "சமயம் பாத்து விலையேத்துறவனைப் பிடிச்சு உள்ள போடணும்" என்பார் ஒருவர். "விலையைக் கட்டிப் போட்டா சரக்கு எப்படிய்யா வரும்?" என்பார் இன்னொருவர். அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டம் வந்துவிட்டது. வாங்குகிற விலை ஏறாமல் விற்கிற விலையை ஏற்றினால் அபராதம், பங்க்குக்கு சீல், லைசென்ஸும் ரத்து.

"லைசென்ஸ் போச்சுன்னா என்ன பண்ணுவோம்? இதை விட்டா உங்களுக்கு வேற தொழில் தெரியுமா?"

"பிடிச்சா முதல்ல உங்கண்ணனைத்தான் பிடிப்பாங்க. முன்னால போறவன் குழியில விழுந்தா, பின்னால வர்றவன் ஒதுங்கிக்கலாம்."

"அண்ணன் அப்படிப்பட்ட ஆளில்லைங்க."

"ஆள் இல்லாட்டி போர்டு தானாவா ஏறிக்கிச்சு?"

அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்ப் பலகையில் எண்களை மாற்றிவிட்டு வந்தார்.

வரிசை வளர்ந்தது. முதலில் நின்ற டாக்ஸிக்காரர் பலகையை இரண்டு தடவை படித்தார்.

"என்னண்ணே, நேத்தைக்கும் இன்னிக்கும் பதினஞ்சு வித்தியாசம். தூங்கி எழுந்ததுக்கு வரியா?"

"எதிர்ல பாருங்க தம்பி, இருபது."

டாக்ஸிக்காரர் திரும்பிப் பார்த்தார். "அது பகல் கொள்ளை. அதுக்கு நீங்க எவ்வளவோ தேவலாம். போடுங்க."

பின்னால் ஸ்கூட்டரில் நின்ற டீச்சர் சும்மா விடவில்லை. "அவர் கழுத்தை அறுக்கிறார், நீங்க காதோட நிறுத்திக்கிறீங்க. சீக்கிரம் போடுங்க, முதல் மணி அடிச்சிடுவாங்க."

வரிசையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஊருக்கு ஏதோ நல்லது செய்கிற நினைப்புகூட அவருக்கு வந்துவிட்டது.

மதியம் வரை எதிரில் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. மச்சான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எப்போதாவது ஒரு கார் உள்ளே திரும்பினால் எழுந்து ஓடினான். கையை ஆட்டி ஆட்டி என்னவோ பேசினான். அடுத்த நிமிஷம் அந்தக் காரும் சாலையைத் தாண்டி இங்கே வந்து நின்றது.

"பாரு, கையைப் பிடிச்சு இழுக்காத குறையா கூப்பிடறான். ஒருத்தனும் மதிக்கலை."

"வெயில்ல அலைஞ்சு அண்ணன் முகமே கறுத்துப் போச்சுங்க."

"பேராசைப்பட்டா கறுக்கத்தான் செய்யும். நீ கல்லாவைப் பாரு."

மூன்று மணிவாக்கில் அரசாங்க ஜீப் ஒன்று எதிர் பங்க்குக்குள் நுழைந்தது. அவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். "நான் சொல்லலை? மாட்டினான் உங்கண்ணன்" என்று மனைவியிடம் சொல்லி முடிப்பதற்குள், ஜீப் சாலையைக் கடந்து இவர் பங்க்கில் வந்து நின்றது.

இறங்கிய பெண் அதிகாரி பலகையைப் பார்த்தார். பம்ப்பைப் பார்த்தார். கடைசியில் இவரைப் பார்த்தார்.

"நீங்க வாங்குற விலை ஏறியிருக்கா?"

"இல்ல மேடம்... எதிர்ல ஏத்தினாங்க. சரி, நாமளும் கொஞ்சம்..."

"காலையிலேர்ந்து இந்த விலைக்கா வித்தீங்க?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அதிகாரி கண் காட்ட, கூட வந்தவர் பம்ப்பில் சீல் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தார்.

"என்ன மேடம் நியாயம் இது? இருபது ஏத்தினவனைத் தட்டிக் கொடுத்துட்டு, பதினஞ்சு ஏத்தினவன் கடைக்கு சீல் வைக்கிறீங்க?"

"அவர் ஒரு சொட்டுகூட விக்கலையே. டேங்க் நேத்தே காலி. நாங்களே திறந்து பாத்துட்டோம். ஸ்டாக் இல்லைன்னு எழுதினா, பதுக்கிட்டான்னு ஆளுங்க அடிக்க வர்றாங்களாம். அதான் யாரும் உள்ள நுழைய யோசிக்கிற மாதிரி ஒரு விலையைப் போட்டு வெச்சிருக்கார்" என்றார் அதிகாரி. "அதையும் மீறி வந்தவங்ககிட்ட, 'எதிர்ல இருக்கிறது என் தங்கச்சி வீட்டுக்காரர் பங்க், என்னைவிட எப்பவும் குறைச்சுத்தான் விப்பார், அங்க போங்க'ன்னு காலையிலேர்ந்து வெயில்ல நின்னு அனுப்பிட்டிருக்கார்."