வரியில்லாக் கோதுமை

“உன் வீட்டுப் படியேற எனக்கு இஷ்டமே இல்ல. அப்பா வச்சிட்டுப் போன நிலத்தை விக்கணும். பத்திரத்துல உன் கையெழுத்தும் வேணுமாம். அதான் வந்தேன்.”

அண்ணன் வாசற்படியிலேயே நின்றார்.

ஒற்றை அறை வீடு. தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அவள் கணவன், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு எழுந்து நின்றான்.

“வாங்க மச்சான்.”

“என்ன வாங்க? இறக்குமதி வரியை எடுன்னு ஊர்வலம் போனீங்களே, முதல் ஆளா கொடி பிடிச்சது நீங்கதானாமே மாப்பிள்ளை?”

அவன் தலை குனிந்தான். “ஆமா மச்சான்.”

“நீங்க தெருவுல இறங்கினதும் அரசாங்கம் ஆடிப்போச்சு. அவங்களுக்கு அடுத்த தேர்தல் கவலை. வரியை எடுத்துட்டாங்க. இப்ப கப்பல் கப்பலா கோதுமை வந்து இறங்குது. என் கோதுமையைச் சீந்த ஆள் இல்ல. கேக்கிற விலை அறுப்புக் கூலிக்கே கட்டாது. மூட்டையோட புழுத்துக் கிடக்கு. சொந்த மச்சான் வயித்துல அடிச்சிட்டு, உங்களுக்கு எப்படித் தொண்டையில ரொட்டி இறங்குது?”

அவன் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டான். “களைச்சுப் போய் வந்திருக்கீங்க. சாப்பிட ஏதாச்சும் வாங்கிட்டு வரேன்” என்று முனகிவிட்டு வெளியே போனான்.

“பாத்தியா? பதில் சொல்ல வாயில்ல. குற்றமுள்ள நெஞ்சு!”

தங்கை கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

“அண்ணே, போன வருஷம் இங்க ரொட்டி யானை விலை வித்தப்ப, ஒரே ஒரு மூட்டை கேட்டு உங்ககிட்ட வந்தேனே, ஞாபகம் இருக்கா?”

நன்றாகவே இருந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று குடோனைப் பூட்டி வைத்திருந்த சமயம். ‘அப்புறம் பாக்கலாம்’ என்று வெறுங்கையோடு அனுப்பியிருந்தார்.

“அதுக்கென்ன இப்ப?” குரலில் சுரத்தில்லை.

“உங்களை இவர்கிட்ட விட்டுக்கொடுக்க மனசு வரல. விளைச்சல் பொய்ச்சுப் போச்சு, அண்ணன் வீட்லயே பொட்டுத் தானியம் கிடையாதுன்னு சொல்லிட்டேன்.”

அண்ணன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“‘விளைவிக்கிற மச்சான் வீட்லயே பட்டினியா’ன்னு அன்னிக்குப் பூரா புலம்பினார். மறுநாள் கொடியைத் தூக்கிட்டுப் போனது எங்களுக்காக இல்லண்ணே, உங்களுக்காக.”