கிழவர் காலை நீட்டிவிட்டார்

ஒரே ஒரு வினைச்சொல். செம்பட்டைத் தாடிக்காரன் ஜெயிலுக்குப் போவதும் வீட்டுக்குப் போவதும் அதில்தான் இருந்தது.

விசாரணை அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் பெண் இன்ஸ்பெக்டர். நடுவில் மொழிபெயர்ப்பாளர். ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவர் 'புரொபசர்'. ஸ்பானிஷ் பேசும் கைதி யார் வந்தாலும் இவருக்குத்தான் அழைப்பு. போன மாதம் ஒரு கப்பல் சமையல்காரன் கொலைக் கேஸில் உள்ளே போனதும் இவர் மொழிபெயர்த்த வாக்குமூலத்தால்தான். பாவம், அவன் இன்னமும் 'இல்லை, இல்லை' என்று தலையாட்டி அழுதுகொண்டிருக்கிறானாம்.

"கிடங்கு வாட்ச்மேன் என்ன ஆனார்னு கேளுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

புரொபசர் கடகடவென்று ஏதோ கேட்டார். தாடிக்காரன் அதைவிட வேகமாகப் பொரிந்து தள்ளினான்.

"கிழவர் காலை நீட்டிட்டாராம் மேடம்."

"ஏன், கால் வலியா?"

"ஐயோ, அது நேர் அர்த்தம்! ஸ்பானிஷ்ல காலை நீட்டினா ஆள் காலி. இங்கிலீஷ்காரன் வாளியை உதைப்பான். நாம மண்டையைப் போடுவோம்."

"அடப்பாவமே, வாளி என்ன பண்ணுச்சு?"

தாடிக்காரன் சட்டென்று குனிந்து இருமினான்.

"அப்போ கொன்னது இவன்தானா?"

"பின்னே? 'முடிச்சுட்டேன்'னு அவன் வாயாலேயே சொல்றானே. வேலையை இல்லை மேடம், ஆளை!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தன் வாழ்க்கை."

"நான் கனவு காண்றதே ஸ்பானிஷ்லதான்" என்று சிரித்த புரொபசர், வாக்குமூலத்தின் அடியில் அழகாகச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் அதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். "ஒருத்தரை ஏமாத்தினா ஸ்பானிஷ்ல எப்படிச் சொல்வாங்க?"

"முடியை எடுத்தான்பாங்க. இங்கிலீஷ்ல காலை இழுப்பாங்க. நாம காதுல பூ சுத்துவோம்."

"எங்க காதுல ரொம்ப நாளாச் சுத்திட்டீங்க. சமையல்காரன் வெளியே வரப்போறான், புரொபசர். ஜெயில்ல அவன் இருந்த அறைக்கு ஒரு ஆள் வேணும்."

புரொபசர் வாக்குமூலத்தை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். தாடிக்காரன் எழுந்து தாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

"எனக்கு நம்ம பாஷையைத் தவிர வேற எதுவும் தெரியாது மேடம். வாய்க்கு வந்ததை உளறினேன். அதுக்கு இவ்வளவு அர்த்தம் இருக்குன்னு சார் சொல்லித்தான் தெரியும்!"