அரைவேளை டீம்

"பஞ்சுத்தலைன்னே போடு தாயி. அதுதான் மரியாதையா இருக்கும்" என்றார் பெலிக்ஸ்.

"மரியாதையாவது ஒண்ணாவது. அரைவேளைன்னு போடு" என்றார் பக்கத்தில் நின்ற சேதுபதி.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த மாரிக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ராஜபாளையத்தில் அவள் வேலை பார்க்கும் பிரிண்டிங் கடையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அதிக நேரம் பிடிக்காது. படம், பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி, தீர்ந்தது வேலை. இந்தப் பெரியவர்கள் இருவரும் பட்டப்பெயரில் வந்து சிக்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாமல் ஒரு மனிதர் போஸ்டருக்கு வருவதே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

இறந்தவர் சுப்புராஜ். மில் தெரு ஃபுட்பால் கிளப்பின் ரசிகர். பந்தைக் காலால் தொட்டவர் இல்லை. ஆனால் அந்த டீம் ஆடிய மைதானத்தில் எல்லாம் கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர். அவர் பெயரோடு டீமின் பட்டப்பெயரையும் சேர்த்துப் போட்டுத்தான் அனுப்பி வைக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம். எந்தப் பட்டப்பெயர் என்பதில்தான் தகராறு. சாயங்காலம் பாடி எடுப்பதற்குள் அவர் தெருவில் போஸ்டர் ஒட்டியாக வேண்டும்.

மில்லில் வேலை முடிந்து, குளிக்கக்கூட நேரமில்லாமல் நேரே மைதானத்துக்கு ஓடி வருவார்கள், தலைமுடியெல்லாம் பஞ்சாக இருக்கும், அதனால்தான் பஞ்சுத்தலை என்று விளக்கம் சொன்னார் பெலிக்ஸ். சேதுபதி ஒப்புக்கொள்ளவில்லை. பந்து உயரமாக வந்தால் அந்த டீமில் ஒருவனும் தலை கொடுக்க மாட்டான், குனிந்துகொள்வான், பஞ்சில் செய்த தலை என்று வந்த பேரில் என்ன மரியாதை இருக்கிறது என்று கேட்டார். பெலிக்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கத்துக்கு வந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததும் அடக்கிக்கொண்டார்.

"சரிய்யா, அரைவேளைன்னா?" என்று மாரிக்கனி கேட்டாள். வேலையை விட்டுவிட்டு அவளும் கதை கேட்க ஆரம்பித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரை நாள்தான் பிராக்டிஸ், வேறொன்றுமில்லை என்று பெலிக்ஸ் முந்திக்கொண்டு சொன்னார். சேதுபதி கையை உதறினார்.

"அவன் கெடக்கான். நாலு மணிக்கு மில்லுல சங்கு ஊதும் தாயி. அதுவரைக்கும் பதினோரு பேரும் புலி மாதிரி ஆடுவானுக. சங்கு ஊதுனா அஞ்சாறு பேரு சட்டைய மாட்டிக்கிட்டு ஷிஃப்டுக்கு ஓடிருவானுக. மிச்ச ஆளுகளை வச்சுத்தான் மிச்ச ஆட்டம். அதான் அரைவேளை டீம்."

"தோத்துருவாங்களா?"

"தோப்பானுக. ஆனா ஒருநாளும் பாதியில விட்டுட்டுப் போனதில்ல."

சேதுபதிக்குப் பேச்சு நிற்கவில்லை. கோலுக்கு வலை கிடையாது, இரண்டு சவுக்குக் கம்புதான். பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டை அடுத்த ஞாயிறு வரை நீளும். ஒரு வருடம் ஃபைனலில் மில் தெரு இரண்டு கோல் முன்னால் இருந்தபோது சங்கு ஊதியது. அன்றைக்கும் தோற்றார்கள். சுப்புராஜ் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். சேதுபதி டீ வாங்கிக் கொடுத்தார். சுப்புராஜ் குடிக்கவே இல்லை, கையிலேயே ஆறிப்போனது.  

"எல்லாஞ் சரிலே. கேலிப்பேரைக் கொண்டுபோயி செத்தவன் படத்துக்குக் கீழ போடுவியா? அவன் வீட்டு ஆளுக நம்மள என்ன நெனப்பாவ?" என்றார் பெலிக்ஸ். அவருக்கு உள்ளூர பயமாகவே இருந்தது.

"அந்தப் பேரை அவன்தானலே நெஞ்சைத் தட்டிச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். முழு வேளையும் ஆடியிருந்தா நீங்கள்லாம் எங்கலே இருப்பீகன்னு கேப்பான். போன வாரம் ஆஸ்பத்திரியில பாக்கப் போனேன்ல. கையப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னான் தெரியுமா? இந்த ஆட்டத்தை முழு வேளையும் ஆடிட்டேம்லேன்னான்."

பெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டு, "அரைவேளைன்னே போடு தாயி" என்றார்.

மாரிக்கனி 'அரைவேளை டீம் சுப்புராஜ்' என்று அடித்தாள். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார் சேதுபதி. பெரிதாக்கினாள். படத்துக்கு மாலை போட்டாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"கீழ, இவண்னு உங்க பேரு போடணும்ல. மில் தெரு ஃபுட்பால் கிளப் ரசிகர்கள்னு போட்டுறவா?"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த கிளப்புக்கு இருந்த கடைசி ஆளே அவன்தான் தாயி. மில்லை மூடுனதும் மத்தவியள்லாம் திருப்பூரு, கோயம்புத்தூருன்னு போயிட்டாவ. டீம் பேருல போஸ்டர் ஒட்ட ஒரு ஆளு இல்லன்னு கேள்விப்பட்டுத்தான் நாங்க பஸ் ஏறி வந்தோம்" என்றார் பெலிக்ஸ்.

சேதுபதி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தேரடி ஃபுட்பால் கிளப் ரசிகர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்னு போடு. அன்னைக்கு ஃபைனல்ல கப்பு எடுத்தது நாங்கதான். அவியளுக்கு அரைவேளைன்னு பேரு வச்சதே நாந்தான்."