பத்து நாள் பால்

வீட்டு வகுப்பில் எலிக்குட்டியின் படத்தைப் பலகையில் கீறிக்கொண்டிருந்தபோது சியாம் வாசலில் வந்து நின்றான்.

நாளைக்கு அவனுக்கு நிக்காஹ். பெண் மருதமுனை ஊர். மாப்பிள்ளையை அனுப்பிவைக்க அவன் உம்மாவின் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று கேட்க வந்திருக்கிறான். ஒரு கிழமையாக இந்த வருகைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்று எனக்கு இருந்தது. நாளைக்குப் பிறகு அதைச் சொல்லிப் பயனில்லை.

இரு என்று கையைக் காட்டினேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வாங்கில் ஒடுங்கி உட்கார்ந்தான்.

பாடம் நிர்ப்பீடனம், அந்நியமானதை உடல் எதிர்க்கும் விதம். எழுபது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் ஒரு விஞ்ஞானி பிறக்காத எலிக்குட்டிகளுக்கு வேறோர் இன எலியின் உயிர்க்கலங்களை ஏற்றினார். குட்டிகள் வளர்ந்த பிறகு அந்த இனத்தின் தோலை எடுத்து அவற்றில் ஒட்டினார். உடல் அதை விரட்டவில்லை. ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்ததை உடல் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது.

இன்றைக்குச் சிறுநீரகம் மாற்றுகிற டொக்டர்மாரும் அந்த மனிதர் கேட்ட கேள்வியைத்தான் இன்னும் கேட்கிறார்கள் என்றேன். எது என்னுடையது, எது பிறத்தியாருடையது.

பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தை எடுக்கிறேன். போன வருடம் வரை இந்த இடத்தில் தடுமாறியதில்லை.

சுனாமியில் சியாமின் உம்மாவும் வாப்பாவும் போய்விட்டார்கள். அப்போது அவனுக்கு நான்கு மாதம். பள்ளிக்கூட முகாமில் யாரோ கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள். தோளில் என் பிள்ளை பஸ்மிலா, அவளுக்கு மூன்று மாதம். என் கணவர் கட்டாரில் வேலை. பத்தாம் நாள் பொத்துவிலிலிருந்து அவனுடைய மாமி ஆயிஷா உம்மா வந்து அவனை வாங்கிக்கொண்டு போனாள்.

வளர்ந்து, கடல் தொழிலுக்கு எங்கள் சாய்ந்தமருதுக்கே திரும்பி வந்தான். குழந்தையில் தன்னைப் பார்த்த மனுசி என்று என்னைத் தேடி வந்தான். வந்த இடத்தில் பஸ்மிலாவைக் கண்டான். அதற்குப் பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

போன வருடம் ஆயிஷா உம்மா சம்பந்தம் பேச வந்தாள். பஸ்மிலாவுக்கு மருத்துவபீடம் கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தோணியில் போகிறவனுக்கா என் பிள்ளை என்று எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்மிலாவோ கட்டினால் இவனைத்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் தோணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முகாமில் இவனுக்கு நான் பால் கொடுத்தேன் என்றேன்.

ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது. எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். மௌலவி வந்து, "அஞ்சு தரத்துக்கு மேல குடுத்தீங்களா?" என்று கேட்டார். பத்து நாள் என்றேன். சந்தேகம் இருந்தாலே ஒதுங்க வேண்டும், இதில் சந்தேகமே இல்லையே என்று எழும்பிப் போனார்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று ஊர் கேட்டது. பஸ்மிலா எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

சியாம் அன்றிலிருந்து என்னை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. பெற்றவளின் முகம் தெரியாமல் வளர்ந்தவன், மனம் உடைந்த அதே கிழமையில் என்னை உம்மா என்றான். வெள்ளிக்கிழமைகளில் மீன் கொண்டுவந்து தருகிறான். ஆக்கி வைப்பேன், நான் தொடுவதில்லை.

முன் வாங்கிலிருந்து றிஸ்னா கையை உயர்த்தினாள்.

"டீச்சர், அது வேற எலிட தோல் எண்டு அந்தக் குட்டிக்குப் பிறகும் தெரியவே வராதா?"

"வராது," என்று சொல்லிப் பலகையை அழித்தேன். வகுப்பையும் அத்தோடு விட்டேன்.

பிள்ளைகள் போன பிறகு, விடுமுறைக்கு வந்திருந்த பஸ்மிலா கோப்பையோடு வந்தாள். தலையில் துணி இல்லை. கூடப்பிறந்தவன் முன்னால் எதற்குத் துணி.

"நானா, தேத்தண்ணி," என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோல் சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சியாம் அதை வாங்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டான்.

"அப்ப உங்கட பால் இன்னும் என்ட உடம்புல இரிக்கும், என்ன உம்மா?"

அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அந்தச் சிரிப்பு என்னைக் கொன்றது. பஸ்மிலா இப்போது என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு முனவ்வறா, இதைவிட நல்ல நேரம் உனக்கு வராது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

"ஓம் மகன்," என்றேன்.

அலை அடித்த அன்றைக்கே எனக்குப் பால் வற்றிவிட்டது. அந்தப் பத்து நாளும் இரண்டு பிள்ளைகளுக்கும் நிவாரண லொறியில் வந்த பால்மாவைத்தான் கரைத்துக் கொடுத்தேன்.